பழைய பியட்டும் பொன்முடிப் பாதையும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. அன்பர்கள் விரும்பியவாறு ஆண்டு விழா மலருக்காக எழுதித் தரப்பட்டது.)

 

இம்மேடையில் கம்பனைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். சிலம்பைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். சென்ற மாதங்கூட ஓர் அன்பர் பழந்தமிழ் மன்னர்களின் தேரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி நம்மையெல்லாம் மகிழ்வித்தார். அந்த வரிசையில் இன்று இத்தாலி நாட்டுத் தேரொன்றைப் பற்றிப் பேசும்படி நம் செயலாளர் என்னைப் பணித்துவிட்டார். தமிழுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று யாரேனும் கேட்டால், அப்பழியைச் செயலாளர் அவர்களே ஏற்றுக்கொள்வதாக வாக்களித்திருக்கிறார்.

நம் காலனி வாயிலில் நிற்கும் என் பழைய பியட் காரை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். வழியில் என்னைக் காணும் அன்பர்களில் பத்துக்கு எட்டுப் பேர், என் நலத்தை உசாவுவதற்கு முன்பு அதன் நலத்தையே உசாவுகிறார்கள். சென்ற ஓராண்டுக்குள் மூன்று அன்பர்கள் தாமும் அப்படி ஒன்று வாங்க எண்ணுவதாகச் சொல்லி என்னிடம் யோசனை கேட்டார்கள். மூவருக்கும் தனித்தனியே சொன்னதை இன்று ஒருசேரச் சொல்கிறேன். அவர்களிடம் சொல்லக் கூசிய ஒரு செய்தியையும் இன்று சொல்லப் போகிறேன்.

பியட் இத்தாலிய வண்டி என்பதை நம் பிள்ளைகளிற் பலர் அறியார். அது பம்பாயில் பிறந்தது என்றே எண்ணியிருக்கிறார்கள். அதிலும் பாதி உண்மை உண்டு. இத்தாலியின் வடபால் தூரின் என்னும் நகரில் 1899-ஆம் ஆண்டு தொடங்கிய தொழிற்சாலை பியட். அது 1953-இல் வெளியிட்ட சிறு குடும்பக் கார்தான் ஆயிரத்து நூறு. இத்தாலிய மொழியில் மில்லெசென்டோ என்பார்கள். பம்பாய்க் குர்லாவில் வால்சந்த் ஹீராசந்த் அவர்கள் 1944-இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் என்னும் தொழிற்சாலை, பியட்டின் உரிமம் பெற்று 1954 முதல் அந்தக் காரை இங்கே வெளியிட்டது. அதன்பின் எலிகண்ட் என்றும், செலக்ட் என்றும், சூப்பர் செலக்ட் என்றும், டிலைட் என்றும் பெயர்கள் மாறின. 1970-களின் தொடக்கத்தில் பியட் என்ற பெயரே போய்ப் பிரெசிடெண்ட் என்றாயிற்று. 1974-இல் சித்தூர் அரசியின் பெயர் தாங்கிப் பத்மினி என்றாயிற்று. இத்தாலியில் 1969-இலேயே நின்றுபோன ஒரு வண்டி, நம் நாட்டில் நூற்றாண்டின் இறுதிவரை பிறந்துகொண்டிருந்தது. பம்பாய் நகரத்தின் கறுப்பு மஞ்சள் வாடகைக் கார்களில் கடைசிப் பத்மினி ஓய்வு பெற்றது 2023 அக்டோபரில்தான்.

அக்காலத்தில் ஒரு காருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருப்பார்கள். பெயர் பதிந்தபோது பெண் பார்த்தவர், வண்டி வந்தபோது பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்த்தார் என்று சொல்வதுண்டு. லால் பகதூர் சாஸ்திரி அவர்கள் பிரதமராக இருந்தபோது வீட்டார் விருப்பத்துக்கிணங்க ஒரு பியட் வாங்கினார். விலை பன்னிரண்டாயிரம் ரூபாய். கையிலிருந்தது ஏழாயிரம். மீதி ஐயாயிரத்தைப் பஞ்சாப் நேஷனல் வங்கியில் கடனாகப் பெற்றார். 1966 சனவரியில் அவர் காலமானபின், அவருடைய துணைவியார் லலிதா அம்மையார் தமக்குக் கிடைத்த ஓய்வூதியத்திலிருந்து அக்கடனை அடைத்தார். அந்தக் கார் இன்றும் தில்லியில் அவருடைய நினைவகத்தில் நிற்கிறது. நாட்டின் பிரதமரே கடன்பட்டு வாங்கிய வண்டி என்றால், நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அது எவ்வளவு எட்டாத பொருளாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் குடும்பத்துக்கும் எட்டவில்லை. என் தந்தையார் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, இம்மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதியவர். 1968-ஆம் ஆண்டு ஆடி மாதத்து மழையிரவு ஒன்றில் என் தாயாருக்குப் பேறுகால வலி கண்டது. தோட்டத்து மேலாளர் தம் பியட் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு, இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளையும் இறங்கி, விதுரை கடந்து, நெடுமங்காடு கடந்து, திருவனந்தபுரத்து மருத்துவமனையில் என் தாயாரைச் சேர்த்தார். விடியற்காலையில் நான் பிறந்தேன். தாயும் பிள்ளையும் பிழைத்ததற்கு அந்த வண்டியே காரணம் என்று மருத்துவர் சொன்னாராம். அதற்குப் பிறகு என் தந்தையார் அந்தக் காரில் ஒருநாளும் ஏறியதில்லை. ஏறச் சொல்லுவார் யார்? ஆனால் அது எதிரே வரும்போதெல்லாம் ஒதுங்கி நின்று, குடையைத் தாழ்த்திக்கொள்வாராம். மேலாளருக்குச் செய்த மரியாதையா, வண்டிக்குச் செய்ததா என்று தாயாருக்கு இன்றுவரை ஐயம்.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும், நான் ஏன் அந்த வண்டியை வாங்கினேன் என்பது. அழகுக்காகக் கூடத்தில் நிறுத்தி வைப்பதற்கன்று. என் தாயாரை அதில் ஏற்றிக்கொண்டு, பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை, தென்மலை, ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டை இறங்கித் தென்காசி போக வேண்டும். அவ்வளவே ஆசை. இந்த ஆசை எவ்வகையினது என்பதை முதலில் தெளிந்துகொள்ளாமல் பழைய கார் வாங்கக் கூடாது என்பதைப் பின்னால்தான் கற்றேன். பார்க்க ஒரு வண்டி வேண்டும் என்பவர் ஒருவகையாகச் செலவிட வேண்டும். போய் வர ஒரு வண்டி வேண்டும் என்பவர் வேறுவகையாகச் செலவிட வேண்டும். நான் போய் வர ஆசைப்பட்டு, பார்க்கச் செலவிட்டேன்.

வாங்கிய கதையைச் சொல்கிறேன். 2018-இல் திருநெல்வேலியில் ஒரு வீட்டில், 1971-ஆம் ஆண்டு டிலைட் ஒன்று விலைக்கு வந்தது. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கேட்டார்கள். வெளுத்த சாம்பல் நிறம். ஸ்டியரிங் தண்டிலேயே கியர். முன்னிருக்கை ஒரே நீள மெத்தை. சாவி திருப்பியதும் உறுமியது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கண்ணில் நீர் வந்த மனிதன் கார் வாங்கப் போகக் கூடாது, நண்பர்களே! அவனுக்குத் துரு தெரியாது.

அந்த வண்டிக்குத் தனியே அடிச்சட்டம் கிடையாது. லாரிக்கும் ஜீப்புக்கும் உள்ளது போல் இரும்புச் சட்டம் ஒன்று கீழே கிடந்து பாரத்தைச் சுமப்பதில்லை. தகட்டாலான கூடுதான் எலும்பும் தோலும். ஆதலின் தரைத்தகடும், கதவுக்குக் கீழே நீண்டோடும் பெட்டிப் பகுதியும் அரித்துப்போயிருந்தால், முதுகெலும்பே அரித்துவிட்டது என்று பொருள். மேலே மினுமினுக்கும் பெயின்ட் அதை மறைத்துவிடும். வாங்கப் போகிறவர் சிறிய காந்தத் துண்டு ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போகட்டும். கதவின் அடிவிளிம்பிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பார்க்கட்டும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, புட்டி இருக்கிறது. காலடியிலுள்ள பாயைத் தூக்கிப் பார்க்கட்டும். வண்டியின் கீழே ஒரு சாக்கை விரித்துப் படுத்து, டார்ச் விளக்கில் தரையை நோக்கட்டும். விற்பவர் முகம் கோணுமே என்று கூச வேண்டா. மழை ஓயாத இம்மலையடிவாரத்தில் ஒரு பருவத்துக்குள் சின்னத் துளை பெரிய துளையாகும்.

எஞ்சினைப் பற்றி அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. 1,089 கன சென்டிமீட்டர், நான்கு சிலிண்டர், நாற்பது குதிரை வேகத்தை ஒட்டிய ஆற்றல், எளிய படைப்பு. பிரித்துக் கோக்கத் தெரிந்தவர் இன்னும் ஊருக்கு ஒருவர் இருக்கிறார். வண்டியை ஆறிய நிலையில் கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். முன்னமே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லுங்கள். புகை நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது. ரிங்கோ வால்வுப் பகுதியோ தேய்ந்திருக்கிறது. எண்ணெய் மூடியின் உட்புறம் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இவ்வண்டியின் சிலிண்டர் தலை அலுமினியம், உடல் வார்ப்பிரும்பு. ஒருமுறை கடுமையாகச் சூடேறிய வண்டியில் தலை வளைந்துவிடும். நிற்கும் வண்டியின் ஸ்டியரிங்கை மெல்ல அசைத்து, சக்கரம் அசையுமுன் எவ்வளவு வீணாகச் சுற்றுகிறது என்று பாருங்கள். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கிங்பின் தேய்ந்திருந்தால் கையே சொல்லும். முதற்கியர் வண்டி நின்றபின்தான் விழும், ஓடும்போது போட்டால் பல் கடிக்கும். அது குறையன்று, அவ்வண்டியின் இயல்பு.

இவற்றில் நான் செய்தது ஒன்றுமில்லை. தாளையாவது பார்த்தேனா என்றால், பதிவுப் புத்தகத்திலுள்ள எண்ணும் எஞ்சினில் வெட்டிய எண்ணும் ஒன்றுதானா என்று மட்டும் பார்த்தேன். அது நல்லது. அதன் பின்னுள்ளதை யாரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டு வண்டியைக் கேரளத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்து ஓட்டினால் இங்கே புதிய எண் பெற வேண்டும்; அதற்கு அங்குள்ள அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும்; இங்கே வரியும் கட்ட வேண்டும். நம் போன்ற இரண்டு மாநிலத்துக்காரர்கள் விலை பேசும்போதே இச்செலவையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த காருக்கு ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. விற்பவர் அதைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால், அந்த வேலையை அவரே முடித்துத் தரட்டும். நீங்கள் இரக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

வண்டி வீடு வந்தது. இரண்டு மாதம் பட்டறையில் விட்டு எழுபதாயிரம் ரூபாய் செலவிட்டேன். எதற்கு? பழைய கிரீம் நிறப் பெயின்டுக்கு, பளபளக்கும் பம்பருக்கு, சிவப்பு மெத்தைக்கு, பழைய பாடல்கள் ஒலிக்கும் புதிய ஒலிப்பெட்டிக்கு. பட்டறைக்காரர் கேட்டார், மற்ற வேலைகளையும் பார்த்துவிடலாமா என்று. ஓடுகிறதல்லவா, பிறகு பார்க்கலாம் என்றேன். ஆகையால் குற்றம் அவருடையதன்று. நம் காலனிப் பிள்ளைகள் அதன் முன் நின்று எடுத்துக்கொண்ட படங்களுக்குக் கணக்கில்லை. யானை வாங்கிவிட்டு அங்குசம் வாங்க மறந்தவனின் பெருமிதம் எனக்கு அப்போது.

இனி, அந்த மூன்று அன்பர்களிடம் சொல்லக் கூசிய செய்தி.

2019 மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் தாயார், என் மனைவி, என் மகள், நான் ஆக நால்வர் பொன்முடிக்குப் போனோம். அவ்வூரின் உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டர். வண்டியின் பெயரும் 1100. இப்பொருத்தத்தை வழியெல்லாம் நானே சொல்லி நானே வியந்துகொண்டு போனேன். ஏறும்போது இரண்டிடத்தில் வண்டி நின்றது. பெட்ரோல் பம்பு சூடேறி, உள்ளிருந்த பெட்ரோல் ஆவியாகிவிட்டது. ஈரத்துணியைப் பம்பின்மேல் போட்டுக் காத்திருந்து கிளப்பினேன். அக்கால ஓட்டுநர் அனைவரும் செய்த வைத்தியம் அது. அதிலும் எனக்கு ஒரு பெருமைதான்.

இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து மிதித்து வந்தேன். மூன்றாவது கியரில் சுகமாக உருண்டது வண்டி. பாதி வழி இறங்கிய பின், ஒரு வளைவில் பிரேக் மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தது. அடுத்த வளைவில் தரையைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. இடப்பக்கம் மலை; வலப்பக்கம் தேயிலைச் சரிவு. இரண்டாவது கியருக்குத் தள்ளினேன், கைப்பிரேக்கை இழுத்தேன், மலைப்பக்கத்து ஓடையில் இடச்சக்கரங்களை இறக்கினேன். புதிய பெயின்ட் பாறையில் உராய்ந்த ஒலி இன்றும் என் காதில் இருக்கிறது. வண்டி நின்றது. முன்னிருக்கையில் என் மகள் என் மனைவியின் மடிமேல் சாய்ந்திருந்தாள். அந்த இருக்கையில் இடுப்புப் பட்டை கிடையாது. அவள் நெற்றி முன்பலகையில் மோதி ஐந்து தையல் போட வேண்டியதாயிற்று.

பின்னிருக்கையிலிருந்து என் தாயார் கேட்டது ஒன்றே: "என்னய்யா, பிரேக்கைப் பாத்துத்தானே வாங்குன?"

நான் பதில் சொல்லவில்லை.

வண்டியை இழுத்துக்கொண்டு போனது நெடுமங்காட்டுப் பக்கத்து முதிய மெக்கானிக் ஒருவர். இங்கே எல்லாரும் அவரை ஆசான் என்றே அழைப்பார்கள். அவர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. பிரேக் எண்ணெய்க் கலத்தின் மூடியைத் திறந்து, விரலை நனைத்து வெளிச்சத்தில் பிடித்தார். காப்பிக் கஷாயம் போல இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "வண்டி ஓடும், சாரே. நிற்குமோ?" என்றார். மலையாளமும் தமிழும் பங்காளிகள் என்பதால் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஒருசிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வண்டியின் எடை ஏறத்தாழ ஒன்பது குவின்டால். நாங்கள் நால்வரும் சாமான்களும் சேர்த்து மூன்று குவின்டால். ஆயிரத்து இருநூறு கிலோ பாரம், ஒன்பது நூறு மீட்டர் உயரம் இறங்குகிறது என்று கொள்வோம். அந்த இறக்கத்தின் ஆற்றல் எங்கேனும் போயாக வேண்டும். முழுவதையும் பிரேக்கே விழுங்கினால், முப்பது லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அந்த நான்கு டிரம்முகளுக்குள் போகிறது. டிரம் மூடிய பாத்திரம். வெப்பம் எளிதில் வெளியேறாது. லைனிங் சூடேறிப் பிடிப்பிழக்கும். அதைவிடக் கொடியது பிரேக் எண்ணெயின் நிலை. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 என்னும் வகை புதிதாக இருக்கையில் 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பின் 140 பாகை தாங்கினாலே போதும் என்கிறது அதே விதி. இவ்வளவு மழை பெய்யும் ஊரில், எத்தனை ஆண்டாக மாற்றாத எண்ணெயோ அது! கொதித்தது, குழாயில் ஆவி நிறைந்தது. ஆவியை மிதித்தால் அது சுருங்குமேயன்றிச் சக்கரத்தைப் பிடிக்காது. போதாக்குறைக்கு இப்பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் வழி ஒன்றே. ஓரிடத்தில் ரப்பர்க் குழாய் வெடித்தால் நான்கும் போயிற்று.

ஆசான் வண்டியை ஆறு வாரம் வைத்துக்கொண்டார். அவர் செய்த வேலைகளின் முறையைத்தான் நான் உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். முதலில் நிற்பது, அடுத்துக் காண்பதும் காணப்படுவதும், பிறகு சூடேறாமலிருப்பது, ஓட்டம் கடைசி.

பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், ரப்பர்க் குழாய்கள், லைனிங் அனைத்தும் புதியவை. சில உறுப்புகள் சென்னைப் புதுப்பேட்டையிலிருந்தும் சில பம்பாயிலிருந்தும் வந்தன. பத்மினி இத்தனை ஆண்டு பிறந்ததால் உதிரி உறுப்புகளுக்கு இன்னும் பெரும் பஞ்சம் இல்லை. எண்ணெய் டாட் 4. ஈரமேறிய நிலையிலும் அது 155 பாகை தாங்கும். அதையும் ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் மாற்றிவிடுகிறேன். முன்சக்கரங்களுக்கு டிரம்மை நீக்கித் தட்டுப் பிரேக் வைத்துவிடலாமே என்றேன். ஆசான் ஒப்பவில்லை. "நாற்பது குதிரைக்கு இது போதும். இறங்கும்போது இரண்டாவது கியர். அதுதான் பெரிய பிரேக்" என்றார். ஏறும் கியரிலேயே இறங்குக என்பது பழைய மலை ஓட்டுநரின் பாடம். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்; பிரேக் ஆறியிருக்கும். இரண்டு வழியாகப் பிரியும் மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்துவோரும் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் பொருத்துகிறவர் கணக்கறிந்தவராக இருக்க வேண்டும், மோட்டார் வாகன அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

சட்டத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உற்பத்தியாளர் வகுத்த அமைப்பு மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்பது அதன் சாரம். ஆதலால் பழைய பியட்டில் ஜப்பானிய எஞ்சினையோ டீசல் எஞ்சினையோ தூக்கி வைத்துப் பறக்க நினைக்கும் இளைஞர்கள் சற்றே நிதானிக்க. அலுவலகத்தின் ஒப்புதலின்றி அது சட்டத்துக்கு மாறு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் கேள்வியும் அதுவே. தேய்ந்ததை அதே வகையில் புதுப்பித்தால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

2021 சூலையில் மைய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப்பதிவு முறையைக் கொண்டுவந்தது. ஐம்பதாண்டு கடந்த வண்டிக்கு வி.ஏ. என்னும் எழுத்துகள் தாங்கிய தனி எண் கிடைக்கும். என் வண்டிக்கு அவ்வாண்டு சரியாக ஐம்பது வயது. அந்த எண் பலகையின்மேல் எனக்கு எவ்வளவு மோகம் என்று என் மனைவியைக் கேளுங்கள்! ஆனால் விதியைப் படித்தால், அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பழுது பார்க்கவும் எரிபொருள் நிரப்பவும் போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். தாயாரைத் தென்காசிக்கு அழைத்துப் போவது கண்காட்சியாகாது. பெருமையை விட்டுவிட்டுச் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டேன்.

விளக்கு வேலை ஒரு வாரம் நடந்தது. பழைய வண்டியில் டைனமோ. எஞ்சின் மெல்ல ஓடும்போது போதிய மின்சாரம் தராது. இரவு, மழை, துடைப்பான், முன்விளக்கு எல்லாம் ஒன்றுசேர்ந்தால் விளக்கு மங்கும். அதை எடுத்து ஆல்டர்னேட்டர் வைத்தோம். முன்விளக்கு மின்சாரம் முழுவதும் பழைய சுவிட்சு வழியே போகாதபடி ரிலே வைத்தோம். வெடித்து உதிர்ந்த மின்கம்பிகளை மாற்றி, பேட்டரியைத் துண்டிக்கும் திருகு ஒன்றையும் வைத்தோம். இடுப்புப் பட்டைகளை வெறுந்தகட்டில் துளையிட்டு மாட்டினால் இழுப்பில் தகடே கிழியும். அடியில் தடித்த இரும்பு வில்லைகளை வைத்து, நல்ல தகடுள்ள இடம் பார்த்து மாட்டினார் ஆசான். அந்த ஒரு வேலையின்போது மட்டும் என் மகளை அழைத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

குளிர்ச்சிக்கு ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவியதோடு சரி. வெப்ப நாட்டில் தேவையில்லை என்று பலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள், என் வண்டியிலும் எறிந்திருந்தார்கள், மீண்டும் வைத்தோம். சக்கரங்களுக்கு அதே 14 அங்குல அளவில் ரேடியல் டயர். இன்னொன்று: இப்போது நம் பெட்ரோலில் ஐந்திலொரு பங்கு எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர் அதைத் தாங்காமல் ஊதும், வெடிக்கும். சென்ற ஆண்டு பெட்ரோல் குழாய்களையும் பம்பின் ரப்பர்ச் சவ்வையும் அதற்கேற்ற வகையாக மாற்றினேன். பெட்ரோல் வாடை அடிக்கும் பழைய வண்டியைக் கிளப்பாதீர்கள்.

ஆசானின் கணக்கு எண்பத்தையாயிரம் ரூபாய் ஆயிற்று. ஓடையில் உராய்ந்த இடப்பக்கக் கதவுக்குப் பெயின்ட் அடிக்க அதில் ஒரு காசும் இல்லை. கேட்டதற்கு, "அடுத்த வருஷம்" என்றார். இன்னும் அந்த வருஷம் வரவில்லை.

2022 தைப்பொங்கலுக்கு முதல் நாள் விடியுமுன் புறப்பட்டோம். தாயார் முன்னிருக்கையில், பட்டையோடு. தென்மலை கடந்து ஆரியங்காவில் ஐயனை வணங்கிவிட்டுப் புளியறை இறக்கத்தில் இரண்டாவது கியரைப் போட்டேன். பின்னால் வந்த பேருந்து ஒலியெழுப்பிக்கொண்டே வந்தது. ஒதுங்கி வழிவிட்டோம். கீழே செங்கோட்டை வயல்கள் தெரிந்தன. பிரேக்கை மூன்றே முறைதான் மிதித்திருப்பேன். வழி முழுதும் தாயார் ஒன்றும் பேசவில்லை. ஊர் வந்து இறங்கியபின் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார். மேலாளரின் வண்டியும் இந்த நிறந்தானா என்று கேட்டேன்.

"எனக்கு நிறமெல்லாம் எங்கய்யா தெரியும்? அன்னைக்குக் கண்ணை மூடிக்கிட்டுல்லா வந்தேன்" என்றார்.

அன்பர்களே, வண்டி இன்று வாயிலில்தான் நிற்கிறது. வாங்க எண்ணியுள்ள மூவரும் வந்திருக்கிறார்கள். சிற்றுண்டி முடிந்ததும் அவர்கள் வரட்டும். சாக்கும் டார்ச் விளக்கும் பின்பெட்டியில் இருக்கின்றன. என் வண்டியின் அடியில் படுத்துப் பழகிக்கொண்டால், நாளை இன்னொருவர் வண்டியின் அடியில் படுக்கக் கூச்சமிராது.